அந்த "நாலு பேர்" யார்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில், ஸ்வீடன் நாட்டுப் படம் ஒன்றைப் பற்றி நிகழ்த்திய பேச்சு)



போன ஞாயிற்றுக்கிழமை இரவு இதே கொட்டகையில் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் பார்த்தோம். ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியபடி வந்தவர்கள் இருந்தார்கள். நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்தவர்களும் இருந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வயதில் மூத்த ஒரு தோழர் எழுந்தார். "படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த மாதிரி ஒரு புள்ளை நம்ம வீட்டுல இருந்தா, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது நேர்மையான கேள்வி. மனதில் பலர் நினைத்ததை அவர் வாய்விட்டுக் கேட்டார். நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

படத்தைப் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

ஒரு சின்ன ஊர்

ஸ்வீடன் நாட்டின் மேற்கே வேனர்ன் என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் ஓமோல் என்று ஒரு சிற்றூர். 1998-ம் வருஷம் லூக்காஸ் மூடிசன் என்ற டைரக்டர் இந்த ஊரின் பெயரில் தமது முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். அவர் அதற்கு முன் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்கு 29 வயது. படத்தின் தலைப்பில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஆங்கில வசவுச் சொல் ஒன்றைச் சேர்த்திருந்தார். மேடையில் அதைச் சொல்ல முடியாது. "நாசமாய்ப் போன ஓமோல்" என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பைக் கேட்டு ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. அதில் ஆச்சரியமில்லை! வெளிநாடுகளில் "ஷோ மி லவ்" என்று பெயர் மாற்றிக் காட்டினார்கள்.

இன்னொரு வேடிக்கை. படம் பிடித்தது அந்த ஊரில் அல்ல. அதற்குத் தெற்கே உள்ள ட்ரோல்ஹெட்டான் என்ற தொழில் நகரத்தில். அங்கேதான் ஸாப் கார் கம்பெனியின் ஆலை இருந்தது. 2011-ல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று.

கதை என்ன? அக்னெஸ் என்ற பெண்ணின் குடும்பம் வேறு ஊரிலிருந்து வந்து ஓமோலில் குடியேறியது. வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதியும் கிடையாது. தன் மனதில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ரகசியமாக எழுதி வைக்கிறாள். அவளுடைய ஆசைகளின் பட்டியல் மிகச் சிறியது. எலின் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எலின் தன்மேல் ஆசைப்பட வேண்டும். அவ்வளவுதான்.

எலின் யார்? அதே பள்ளியில் அவளைவிட இளையவள். அழகி, துடுக்குக்காரி, எல்லோராலும் கவனிக்கப்படுகிறவள். அக்காள் ஜெஸிக்காவோடும் தாயோடும் வாழ்கிறாள். தகப்பன் வீட்டில் இல்லை. தாய் தனியாளாகப் பாடுபட்டு இரண்டு பெண்களை வளர்க்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் எலினுக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே புழுங்கிக் கொண்டிருக்கிறாள். ஒரு பத்திரிகையைப் படிக்கிறாள். பெரிய நகரங்களில் எது புதுசு, எது பழசாகிவிட்டது என்று அதில் போட்டிருக்கிறது. அவள் கேள்விப்பட்டு ஆசைப்பட்ட கேளிக்கை ஏற்கனவே பழசு என்ற பட்டியலில் இருக்கிறது. எதுவும் ஓமோலுக்கு வந்து சேருமுன்னே காலாவதியாகிவிடுகிறதே என்று கத்துகிறாள். சின்ன ஊரில் வளர்ந்த எந்த வாலிபனுக்கும் இந்தக் கோபம் புரியும்.

பந்தயம்

அக்னெஸுக்குப் பதினாறாவது பிறந்த நாள். வேண்டாம் என்று அவள் சொல்லியும் தாய் கேட்கவில்லை. பலகாரம் செய்து விருந்து வைக்கிறாள். விருந்துக்கு யாரும் வரவில்லை. வந்தது ஒரே ஒருத்தி. சக்கர நாற்காலியில் வரும் விக்டோரியா. செய்து வைத்த பண்டத்தை வீட்டாரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தக் காட்சியில் நம் கொட்டகையில் ஒரு தாய் "ஐயோ" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பிறகு எலினும் ஜெஸிக்காவும் வருகிறார்கள். அன்பினால் வரவில்லை. வேறொரு விருந்துக்குப் போவதைத் தள்ளிப்போட இங்கே வருகிறார்கள். அக்னெஸுக்குப் பெண்கள்மேல்தான் நாட்டம் என்று ஊரில் ஒரு பேச்சு உலாவுகிறது. "அவளை முத்தமிடு பார்க்கலாம்" என்று ஜெஸிக்கா பந்தயம் கட்டுகிறாள். எலின் முத்தமிட்டுவிட்டு அக்காளோடு சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறாள்.

தோழர்களே, ஒரு பெண் தன் உயிருக்குயிராக நினைத்திருந்த ஒன்று பந்தயப் பொருளாயிற்று. அன்று இரவு அக்னெஸ் தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் துணிகிறாள். அந்த வேளையில் எலின் மனம் உறுத்தித் திரும்பி வருகிறாள், மன்னிப்புக் கேட்க. கதவைத் தட்டுகிறாள். அந்தத் தட்டலால்தான் விபரீதம் நிற்கிறது. ஒரு மன்னிப்பு ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இருவரும் இருட்டில் நடக்கிறார்கள், பேசுகிறார்கள். ஸ்டாக்ஹோமுக்கே போய்விடலாம் என்கிறாள் எலின். காரில் போனால் ஐந்து மணி நேரப் பயணம். வழியில் ஒரு காரை நிறுத்தி, அக்காள் தங்கை நாங்கள், பாட்டியைப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லி ஏறுகிறார்கள். பின் ஸீட்டில் இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். முன்பு நடந்தது பந்தயம், இது பந்தயமல்ல. கண்ட டிரைவர் பதறிப்போய் இருவரையும் இறக்கிவிடுகிறார்.

மறுநாள் முதல் எலின் அக்னெஸைத் தெரியாதவள் போல நடக்கிறாள். அக்காள் துருவிக் கேட்கிறாள்: "யாரையோ நினைச்சுக்கிட்டிருக்கே, யார் அது?" உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் ஜோஹான் என்ற பையனின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவனோடு ஜோடி சேர்ந்து திரிகிறாள்.

இதுதான் கதையின் முக்கால் பங்கு. இனி நமது கேள்விக்கு வருவோம்.

யாருக்கு யார் பயம்?

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நாம் பிறந்த நாள் முதல் கேட்கிறோம். கல்யாணத்துக்குக் கடன் வாங்கும்போது கேட்கிறோம். சாவுக்குச் செலவு செய்யும்போது கேட்கிறோம். அந்த நாலு பேரை யாராவது நேரில் பார்த்ததுண்டா? அவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்?

இந்தப் படம் அவர்களைத் தேடிப் போகிறது. எப்படித் தேடுகிறது என்று பாருங்கள்.

அக்னெஸ் யாருக்குப் பயப்படுகிறாள்? எலினின் கூட்டத்துக்கு. எலின் யாருக்குப் பயப்படுகிறாள்? அக்காளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். ஜெஸிக்கா யாருக்குப் பயப்படுகிறாள்? அவளுடைய ஜோடி மார்க்குஸ் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று.

ஜோஹானோ மார்க்குஸுக்குப் பயப்படுகிறான். இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சரியாக நாலு பேர்! மார்க்குஸ் பெருமை பேசுகிறான். யந்திரம், தொழில்நுட்பம் எல்லாம் ஆண்களுக்குத்தான் வரும், பெண்களுக்கு அலங்காரம்தான் வரும் என்கிறான். எலினுக்குக் கோபம். ஜோஹான் பக்கம் திரும்பி "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்கிறாள். அவன் நல்ல பையன்தான். அவளை உண்மையாகவே நேசிக்கிறவன். இருந்தும் என்ன சொல்கிறான்? மார்க்குஸ் சொல்வதுதான் சரி என்று தலையாட்டுகிறான்.

தோழர்களே, அந்த ஒரு விநாடியில் எலினுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. ஜோஹானுக்குச் சொந்த அபிப்பிராயம் இல்லாமலில்லை. அதைச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. எலின் ஜோஹானுக்குப் பின்னால் மறைகிறாள். ஜோஹான் மார்க்குஸுக்குப் பின்னால் மறைகிறான். ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு நிற்கிற வரிசைக்குத்தான் "ஊர்" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆகவே அந்த நாலு பேர் யார்? பயந்த எலின், பயந்த ஜெஸிக்கா, பயந்த ஜோஹான், வாய்ச்சவடால் மார்க்குஸ். வேறு யாருமில்லை. நாலு பேரைத் தேடிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு கண்ணாடியின் முன்னால் போய் நிற்கிறோம். நமக்கு நாலு பேரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு பேரில் நாம் ஒருவர்.

ஆலையில் நமக்கு இது தெரியாதா? மேஸ்திரி ஒருவரை அவமானப்படுத்தும்போது சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நூலைப் பார்க்கிறார்கள், கதிரைப் பார்க்கிறார்கள், தரையைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் மனதிலும் கொதிப்பு இருக்கிறது. ஆனால் மற்றவர் மனதில் அது இருக்கிறதா என்று தெரியாது. தெரியாததால் பேசுவதில்லை. யாரும் பேசாததால் அவமானம் வழக்கமாகிவிடுகிறது. ஓமோல் பள்ளிக்கூடத்தில் நடப்பதும் அதேதான்.

மிதிபட்டவளும் மிதிக்கிறாள்

இந்தப் படத்தை நாம் மதிப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. துன்பப்படுகிறவளை அது தெய்வமாக்கவில்லை.

விருந்துக்கு வந்த ஒரே ஒருத்தி விக்டோரியா என்று சொன்னோமே. அவளிடம் அக்னெஸ் எப்படி நடந்தாள்? பெற்றோர் முன்னிலையிலேயே அவள்மேல் சீறி விழுந்தாள். வேறு யாரும் நம்மோடு பேசுவதில்லை, அதனால்தான் நாம் சிநேகிதிகள் போல நடிக்கிறோம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். சக்கர நாற்காலியில் பரிசு கொண்டுவந்த பெண் மனம் நொந்து திரும்பிப் போனாள்.

ஊர் தன்னை ஒதுக்குகிறது என்று அழுகிற பெண் தன்னிலும் ஒதுக்கப்பட்டவளை ஒதுக்குகிறாள். ஏன்? விக்டோரியாவோடு சேர்ந்து காணப்பட்டால் தன் மதிப்பு இன்னும் இறங்கிவிடும் என்ற பயம். மேலே இருப்பவன் மிதிக்கும்போது, கீழே இன்னொரு தலை கிடைத்தால் அதை மிதித்துக்கொண்டு சற்று உயர்ந்துவிடலாம் என்று நினைக்கும் புத்தி. நம்முடைய சேரியையும் ஊரையும் பிரித்து வைத்திருக்கிற புத்தியும் இதுதான். படத்தில் பார்க்கும்போது சுலபமாகக் கண்டிக்கிறோம். நம்மிடமிருந்து அதைக் களைவது கஷ்டம்.

படத்தின் மேல் நமக்குள்ள குறையும் இங்கேதான். அக்னெஸுக்கு ஒரு நாள் விடிகிறது. விக்டோரியாவுக்கு விடியவில்லை. அவளுக்காக ஒரு கதவும் திறக்காமலே படம் முடிந்துவிடுகிறது. இதை நாம் மறக்கக் கூடாது.

சட்டம் வந்தது, பயம் போகவில்லை

ஒரு தோழர் கேட்கலாம்: "அந்த நாட்டில் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லையா?"

கொடுத்தது. ஸ்வீடனில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நேசிப்பது குற்றம் என்ற சட்டத்தை 1944-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அதை வியாதி என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1979-ல் இந்த மக்கள் ஸ்டாக்ஹோமில் சுகாதார நலத்துறைத் தலைமை அலுவலகத்தின் படிக்கட்டில் போய் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சிலர் வேலைத்தலத்துக்குப் போன் செய்து, "எனக்கு இன்று அந்த வியாதி கண்டிருக்கிறது, வேலைக்கு வர முடியாது" என்று லீவு கேட்டார்கள் என்றும் சொல்வார்கள். அதே 1979-ல் வியாதிப் பட்டியலிலிருந்து அதை நீக்கினார்கள். 1995-ம் வருஷத் துவக்கத்திலிருந்து இப்படிப்பட்ட ஜோடிகள் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் அமலுக்கு வந்தது. 2009-ல் கல்யாண உரிமையும் கிடைத்தது.

கணக்குப் பாருங்கள். குற்றம் என்ற சட்டம் போய் 54 வருஷம், வியாதி என்ற ஏடு போய் 19 வருஷம், பதிவுச் சட்டம் வந்து 3 வருஷம் ஆனபின் இந்தப் படம் வருகிறது. சட்டமெல்லாம் அக்னெஸ் பக்கம்! போலீஸ் அவளைத் தொடாது. இருந்தும் பள்ளிக்கூட நடைக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடக்க அவளால் முடியவில்லை.

சட்டம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமா? இல்லவே இல்லை. போராடிப் பெற்ற சட்டம் பெரிய ஆயுதம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேண்டாம் என்று எந்த விவசாயத் தொழிலாளியாவது சொல்வானா? ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பதும் வயலில் கூலி கைக்கு வருவதும் ஒன்றல்ல. இடையில் மனிதர்கள் கூடி நிற்க வேண்டியிருக்கிறது. கூலிக்கும் அப்படி, மரியாதைக்கும் அப்படி.

தகப்பனும் தாயும்

படத்தில் அக்னெஸின் தாய் கெட்டவள் அல்ல. மகளுக்குச் சிநேகிதிகள் இல்லையே என்று தவிக்கிறாள். அதனால்தான் வேண்டாம் என்ற விருந்தை வைத்தாள். பிறகு மகளின் கம்ப்யூட்டரைத் திறந்து, அவள் ரகசியமாக எழுதியதைப் படித்தும்விடுகிறாள். அன்புதான் காரணம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை எடுத்துத் தெரிந்துகொண்டாள். மகளின் கதவு இன்னும் இறுகச் சாத்திக்கொண்டது.

தகப்பன் சாந்தமானவர். மகள் பக்கத்தில் உட்காருகிறார். இப்போது கஷ்டமாகத்தான் இருக்கும், 25 வருஷம் கழித்துப் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரித் தெரியும் என்று ஆறுதல் சொல்கிறார். மகள் என்ன பதில் சொல்கிறாள்? 25 வருஷம் கழித்துச் சந்தோஷம் வந்து என்ன பிரயோஜனம், எனக்கு இப்போது வேண்டும் என்கிறாள்.

இந்தப் பதிலை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறுமையாயிரு, காலம் வரும் என்று நமக்கும் எத்தனை பேர் உபதேசம் செய்திருக்கிறார்கள்! போனஸ் கேட்டால் பொறு என்றார்கள். குடிமனைப் பட்டா கேட்டால் பொறு என்றார்கள். பொறுத்திருக்கச் சொல்கிறவன் பெரும்பாலும் வலி இல்லாதவன். ஆனால் இந்தத் தகப்பன் அந்த ரகத்தைச் சேர்ந்தவரல்ல. அவருக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். இருந்தும் மகளை ஏசவில்லை, வெறுக்கவில்லை, எழுந்து போய்விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவே பாதி மருந்து.

எலின் வீட்டில் அந்த ஆறுதலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தனித்துப் பாடுபடுகிற தாய் அலுத்துப்போய் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மகள் பேச நினைப்பதைக் கேட்க அவளிடம் தெம்பு மிச்சமில்லை. பிள்ளையின் பேச்சைக் கேட்பதற்குக்கூட ஓய்வு வேண்டும், தோழர்களே! உழைக்கிறவளிடமிருந்து பறிபோவது கூலி மட்டுமல்ல.

கதவு திறந்தது

கடைசிக் காட்சிக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் எலின் அக்னெஸைப் பிடித்திழுத்துக் கழிப்பறைக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிடுகிறாள். பேச வேறு இடமில்லை! உள்ளே இருவரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். வெளியே சந்தடி. எலின் ஏதோ ஒரு பையனோடு உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் கூடுகிறது. கதவை இடிக்கிறார்கள், கத்துகிறார்கள். அக்காளும் நிற்கிறாள். வேடிக்கை பார்க்க அந்தப் பள்ளிக்கூடமே திரண்டது போல இருக்கிறது.

உள்ளே இருப்பவர்களுக்கு எத்தனை வழி இருக்கிறது? கூட்டம் கலையும்வரை ஒளிந்திருக்கலாம். வெளியே வந்து ஒரு பொய் சொல்லலாம். பழையபடி "பந்தயம்" என்று சிரித்துச் சமாளிக்கலாம். எலின் இதையெல்லாம் ஏற்கனவே செய்து பார்த்தவள். பொய்யின் விலை அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறக்கிறாள். அக்னெஸைத் தன் காதலி என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்கிறாள். வழி விடுங்கள் என்கிறாள்.

என்ன நடக்கிறது? வானம் இடிந்து விழவில்லை. அந்த மகா பயங்கரமான "நாலு பேர்" வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விடுகிறது. இரு பெண்களும் நடந்து வெளியே போகிறார்கள். அவ்வளவுதான்!

அத்தனை நாளும் கதவுக்கு வெளியே ஒரு ராட்சசன் நிற்கிறான் என்று நடுங்கினார்கள். திறந்து பார்த்தால் அங்கே நின்றது தங்களைப் போலவே பயந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அதற்குப்பின் ஒரு சிறிய காட்சி. எலின் வீட்டில் இருவரும் உட்கார்ந்து பாலில் சாக்லேட் தூளைக் கலந்து குடிக்கிறார்கள். எலின் சொல்கிறாள்: எப்போதும் தூளை அதிகமாகப் போட்டுவிடுகிறேன், அதனால் இன்னும் பால் ஊற்ற வேண்டியதாகிவிடுகிறது, அக்காள் திட்டுகிறாள், ஆனால் பரவாயில்லை. இதோடு படம் முடிகிறது. காதலைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. சாதாரணமாக உட்கார்ந்து ஒரு தம்ளர் பால் குடிப்பது. அதுதான் அவர்கள் கேட்ட சொர்க்கம். இதைக் கொடுக்கவா ஊருக்கு இவ்வளவு தயக்கம்?

மறுவருஷம், 1999-ல், ஸ்வீடனின் உயர்ந்த சினிமாப் பரிசான குல்ட்பாகே, சிறந்த படம், டைரக்‌ஷன், திரைக்கதை மூன்றுக்கும் இதற்கே கிடைத்தது. நடித்த இளம் பெண்கள் அலெக்ஸாண்ட்ரா டால்ஸ்ட்ரோம், ரெபெக்கா லில்யபெரி இருவருக்கும் நடிகைப் பரிசைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒருத்திக்கு மட்டும் கொடுக்காதது நியாயமான தீர்ப்பு.

நமக்கு என்ன?

இனி பெரியவர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறோம். "இப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் இருந்தால்?"

இருக்கலாம், ஐயா. இது ஸ்வீடனில் மட்டும் முளைக்கிற பயிரல்ல. நம் நாட்டில் வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய 377-வது பிரிவு இவர்களைக் குற்றவாளிகளாக வைத்திருந்தது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதாக்கியது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு நேசிப்பது குற்றமல்ல என்றது. 2021-ல் சென்னை ஐகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. மதுரையிலிருந்து வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு இளம் பெண்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். ஓமோலிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ஓட நினைத்தார்களே, அதே ஓட்டம்! இந்த விஷயம் தனக்குச் சரியாகத் தெரியாது என்று நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நிபுணரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது, "மாற்றிக் காட்டுகிறோம்" என்று வைத்தியம் செய்யக் கூடாது என்று உத்தரவிட்டார். படித்த நீதிபதியே "தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லலாம் என்றால், நாம் சொல்வதில் என்ன வெட்கம்?

ஆகவே, தோழர்களே, நம்மால் ஆகக்கூடிய சில காரியங்கள் உண்டு.

பிள்ளை வந்து சொன்னால், முதல் வார்த்தையாக "நாலு பேர்" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சொல்லத் தெரியாவிட்டால் பேசாமலாவது உட்காருங்கள்.

இது வியாதியல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மந்திரவாதியிடமும் டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அவசரக் கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதில் இரண்டு உயிர்கள் பாழாகும். எலின் ஜோஹானோடு திரிந்ததில் அவளுக்கும் நிம்மதியில்லை, அவனுக்கும் நியாயமில்லை.

ஆலையிலும் களத்துமேட்டிலும் ஒருவரை இதற்காகக் கேலி செய்யும்போது கூடச் சிரிக்காதீர்கள். சிரிக்காமல் ஒருவர் இருந்தால் போதும், கேலியின் பாதி பலம் போய்விடும். இரண்டாவது ஆளும் சிரிக்காவிட்டால் கேலி செய்தவன்தான் தலைகுனிவான். இது நாம் அனுபவத்தில் கண்ட விஷயம்.

அக்னெஸைப் போல ஒரு பிள்ளை உங்கள் தெருவில், தனியாக, பேச ஆளில்லாமல் இருந்தால் கதவைத் தட்டுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். விக்டோரியாவைப் போல ஒருத்தி இருந்தாலும் தட்டுங்கள்.

அந்தப் பெரியவர் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டீர்கள். இந்தக் கொட்டகையில் இன்று நாற்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறோம். இங்கே இருக்கிற நாற்பது பேரும் எழுந்துபோய் அவரவர் தெருவில் என்ன சொல்லப்போகிறோமோ, அதுதான் நாளைக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிற "நாலு பேர்" பேச்சு.

நல்ல வார்த்தையாகவே சொல்வோம்!